கொள்முதலில் தவறு எது, துரதிர்ஷ்டம் எது?

'டிராப்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு பாங்க் டிராப்ட்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களுக்கோ அந்தச் சொல்லின் பொருளே வேறு. அந்நாட்டின் என்.பி.ஏ. போட்டியில் ஆடும் அணிகள், கல்லூரிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் இளம் ஆட்டக்காரர்களை ஆண்டுக்கு ஒருமுறை வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. அதற்குத்தான் டிராப்ட் என்று பெயர். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று ரசிகர்கள் வாரக்கணக்கில் வாதாடுவார்கள்.

மளிகைக் கடைக்காரருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். லாபம் விற்பதில் இல்லை, வாங்குவதில்தான் இருக்கிறது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கைமுதல் குறைவு, அலமாரியில் இடம் குறைவு, ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட வேண்டும் என்ற நிலையில் தினமும் முடிவெடுப்பவர்கள் நாம். அதே நிலையில் ஓர் ஊரே சேர்ந்து செய்த விவாதத்தையும், அதன் முடிவையும் இந்த இதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முறை என்ன?

டிராப்ட் ஏலம் அல்ல. அதிகப் பணம் கொடுப்பவருக்கு முதல் உரிமை கிடையாது. முந்தைய பருவத்தில் நலிந்து போன அணிகளுக்கே முன்னுரிமை. வலுத்தவனே மேலும் வலுத்துக்கொண்டு போனால் போட்டி சுவைக்காது என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் முதலிடம் கிடைக்கும் என்பதற்காக வேண்டுமென்றே தோற்கும் எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாதல்லவா? அதனால் 1985 முதல் குலுக்கல் முறையையும் சேர்த்தார்கள். 2007-ல் இருந்த விதிப்படி ஓர் இயந்திரத்தில் 14 பந்துகளைப் போட்டு 4 பந்துகளை எடுப்பார்கள். அப்படி வரக்கூடிய எண் சேர்க்கைகளில் 1000-ஐ, மேல்சுற்றுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பங்கிட்டிருந்தார்கள். மிக நலிந்த அணிக்கு 250. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரத்து 'டிரெயில் பிளேசர்ஸ்' அணிக்குக் கிடைத்தவை 53 மட்டுமே. ஆயினும் 2007 மே 22 அன்று நடந்த குலுக்கலில் போர்ட்லண்டுக்கே முதலிடம் விழுந்தது. இரண்டாமிடம் பக்கத்து மாநிலத்து சியாட்டில் நகர அணிக்குப் போயிற்று. ஆக, போர்ட்லண்ட் விட்டுவிடும் சரக்கு அடுத்த ஊர்க் கடைக்குப் போய்விடும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இருவரில் யார்?

போர்ட்லண்ட் மக்களுக்குத் தங்கள் அணி மேல் உயிர். 1977 முதல் 1995 வரை அவ்வணி சொந்த ஊரில் ஆடிய 814 ஆட்டங்களுக்குத் தொடர்ச்சியாக எல்லா டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்தன. அப்படிப்பட்ட ஊரில், டிராப்ட் நடந்த ஜூன் 28 வரை ஐந்து வாரங்களுக்கு ஒரே பேச்சு: கிரெக் ஓடனா, கெவின் துரான்ட்டா?

ஓடன் 7 அடி உயரம், வயது 19. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியில் நடு ஆட்டக்காரர். வலது மணிக்கட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்தப் பருவத்தில் பல ஆட்டங்களில் இடது கையாலேயே தனி எறிகளை எறிந்தவர். கல்லூரி இறுதி ஆட்டத்தில் அவர் அணி தோற்றாலும், அவர் மட்டும் 25 புள்ளிகள் எடுத்தார். துரான்ட் 6 அடி 9 அங்குலம், வயது 18. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆட்டத்துக்குச் சராசரி 25.8 புள்ளிகள் குவித்தவர். உடம்போ மெலிவு. டிராப்டுக்கு முன் நடந்த உடல்திறன் சோதனையில் சுமார் 84 கிலோ எடையைப் படுத்தபடி ஒருமுறைகூட அவரால் தூக்க முடியவில்லை.

ஓடன் பக்கம் நின்றவர்கள், "நெட்டையான நடு ஆட்டக்காரர் கிடைப்பது அரிது. கோப்பைகளை வென்று தந்தவர்கள் அவர்கள்தாம். 1977-ல் நமக்குக் கிடைத்த ஒரே கோப்பையும் பில் வால்டன் என்ற நெட்டையரால்தானே வந்தது?" என்றார்கள். துரான்ட் பக்கம் நின்றவர்கள், "புள்ளி எடுக்கத் தெரிந்தவனை எடுங்கள். 1984-ஐ மறந்துவிடாதீர்கள்" என்றார்கள்.

1984-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு முதலிடம் ஹூஸ்டன் அணிக்கு, இரண்டாமிடம் போர்ட்லண்டுக்கு, மூன்றாமிடம் சிகாகோவுக்கு. ஹூஸ்டனில் ரால்ப் சாம்ப்சன் என்ற 7 அடி 4 அங்குல ஆட்டக்காரர் ஏற்கெனவே இருந்தார். ஆயினும், இருப்பவர்களில் சிறந்தவர் என்று கருதி இன்னொரு நெட்டையரான ஹக்கீம் ஒலாஜுவானையே அவர்கள் எடுத்தார்கள். போர்ட்லண்ட் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. தன்னிடம் கிளைட் டிரெக்ஸ்லர், ஜிம் பாக்ஸன் என்று புள்ளி எடுக்கும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள்; நடு ஆட்டக்காரர்தான் குறை என்று எண்ணி, 7 அடி 1 அங்குலமுள்ள சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக சிகாகோ எடுத்துக்கொண்டது மைக்கேல் ஜோர்டானை!

போவி திறமையற்றவர் அல்லர். ஆனால் இடது காலின் கீழெலும்பில் ஏற்பட்ட முறிவால் கல்லூரியில் இரண்டு முழுப் பருவங்கள் ஆடாமல் இருந்தவர். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. போர்ட்லண்ட் மருத்துவர்கள் அவரைச் சோதிக்கத்தான் செய்தார்கள். ஆனால் காலைத் தட்டிப் பார்த்தபோது வலி இருந்தும் இல்லையென்று சொன்னதாக, 2012-ல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் போவியே ஒப்புக்கொண்டார். முதல் பருவத்தில் 76 ஆட்டங்கள் ஆடினார். அதன்பின் காலே எதிரியாயிற்று. போர்ட்லண்டுக்காக ஐந்து பருவங்களில் மொத்தம் 139 ஆட்டங்கள்தான். ஜோர்டானோ 1991-க்கும் 1998-க்கும் இடையில் சிகாகோவுக்கு ஆறு கோப்பைகளை வாங்கித் தந்தார். அவற்றுள் 1992-ஆம் ஆண்டுக் கோப்பை, இறுதிச் சுற்றில் இதே போர்ட்லண்டை வென்று பெற்றது.

இன்னொன்றையும் பாருங்கள். டிரெக்ஸ்லர் இருக்கிறார் என்பதால்தானே ஜோர்டான் வேண்டாமென்றார்கள்? அந்த டிரெக்ஸ்லரே 1995-ல் ஹூஸ்டனுக்குப் போய், ஒலாஜுவானோடு சேர்ந்து அங்கே கோப்பையை வென்றார். அன்றைய தேவை மாறிவிடும்; நல்ல சரக்கின் மதிப்பு நிற்கும்.

மீண்டும் 2007

போர்ட்லண்ட் ஓடனை எடுத்தது. சியாட்டில் துரான்ட்டை எடுத்தது. செப்டம்பரிலேயே ஓடனின் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை. முதல் பருவம் முழுவதும் ஆடவில்லை. இரண்டாம் பருவத்தில் 61 ஆட்டங்கள், மூன்றாவதில் 21. அத்தோடு போர்ட்லண்டுக்காக அவர் ஆட்டம் முடிந்தது. 2012-ல் அணி அவரை விடுவித்தது. துரான்ட் 2014-ல் என்.பி.ஏ.வின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். பின்பு 2017, 2018-ல் கோல்டன் ஸ்டேட் அணியில் கோப்பைகளை வென்றார்.

"போர்ட்லண்ட் இரண்டாம் முறையும் அதே தவறைச் செய்தது" என்று உலகம் சிரித்தது. நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டும் ஒரே தவறா?

அல்ல என்பதே நம் கருத்து. 1984-ல் கண்ணுக்குத் தெரிந்த பழுது இருந்தது. அந்தப் பழுதைப் பற்றிய ஒரு முக்கியமான கேள்விக்கு, பதிலால் ஆதாயம் அடையப் போகிறவரின் வாய்ச்சொல்லே விடையாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அலமாரியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பதே தேர்வை நடத்தியது. 2007-ல் அப்படியில்லை. அன்றைய நிபுணர்களில் பெரும்பாலோர் ஓடனையே முதலிடத்தில் வைத்தார்கள். பரவலாகத் தெரிந்திருந்த காயம் மணிக்கட்டில்தான். அதோடும் அவர் நன்றாகவே ஆடியிருந்தார். துரான்ட்டுக்காக வாதாடியவர்களில் பெரும்பாலோரும் ஓடனின் முழங்காலை எண்ணி வாதாடவில்லை. முதலாவது, கொள்முதல் தவறு. இரண்டாவது, பெரும்பாலும் துரதிர்ஷ்டம்.

உடம்பு உறுதியானவருக்கும் இது நேரும். ஜோர்டானே தமது இரண்டாம் பருவத்தில் கால் எலும்பு முறிந்து 18 ஆட்டங்கள்தான் ஆடினார். அவர் தேறி வந்தார், ஓடனால் முடியவில்லை. ஆட்டக்காரர்களைச் சரக்கோடு ஒப்பிட்டுப் பேசுகிறோமே தவிர, அவர்கள் மனிதர்கள். 19 வயதுப் பிள்ளை ஒருவன் தன் முழங்காலுக்காக ஊராரின் ஏளனத்தைச் சுமந்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் கடைக்கு வருவோம்

நம்மில் பலர், சரக்கு விற்றால் கெட்டிக்காரத்தனம், தேங்கினால் முட்டாள்தனம் என்று கணக்கை முடித்துவிடுகிறோம். முதன்முதலாகக் கொள்முதலுக்கு அனுப்பிய மகனோ, பல வருடம் கூடவே இருக்கும் கணக்குப்பிள்ளையோ நன்கு விசாரித்துத்தான் வாங்கியிருப்பார். அடுத்த வாரமே விலை சரிந்திருக்கும். நாம் கல்லாவில் உட்கார்ந்தபடி, வாடிக்கையாளர் முன்னிலையிலேயே அவரைத் திட்டுவோம். அதன்பின் அவர் சொந்தமாக முடிவெடுக்கவே மாட்டார். ஒரு மூட்டையில் போன நஷ்டத்தைவிட இந்த நஷ்டம் பெரிது.

இதற்கு மறுபுறமும் உண்டு. விசாரிக்காமல், யாரோ சொன்னார் என்று வாங்கிய சரக்கு தற்செயலாக விலை ஏறிவிடும். நாம் நம்மையே மெச்சிக்கொண்டு, அடுத்த முறை அதே வழியில் இரண்டு மடங்கு வாங்குவோம். கடையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். தவறான வழியில் வந்த லாபம், நேர்வழியில் வந்த நஷ்டத்தைவிட ஆபத்தானது.

ஆகவே பெரிய கொள்முதலுக்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம்.

1. இதை ஏன் வாங்குகிறோம்? சரக்கு நல்லது என்பதாலா, இடம் காலியாக இருக்கிறது என்பதாலா? உப்பு, புளி, பருப்பு போன்ற அன்றாடச் சரக்குக்குத் தேவையே காரணமாக இருக்கலாம்; இல்லையென்று சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆனால் முதலில் பெரும்பகுதியைப் போடும்போது, காலியிடத்தை நிரப்பும் அவசரம் மட்டும் காரணமாக இருக்கக் கூடாது.

2. இதன் பழுதைப் பற்றி நமக்குச் சொன்னவர் யார்? விற்பவர் காட்டும் மாதிரியோடு நின்றுவிடாமல், நாமே இரண்டு மூட்டையைப் பிரித்துப் பார்த்தோமா? அவரிடம் முன்பு வாங்கியவரை விசாரித்தோமா?

3. கெட்டுப்போனால் கடை தாங்குமா? டிராப்டில் பாதி ஆளை எடுக்க முடியாது. நமக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. நூறு மூட்டை வாங்கும் இடத்தில் முதலில் பத்து வாங்கிப் பார்க்கலாம்.

விடைகளை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைப்போம். என்ன சரக்கு, என்ன விலை, வாங்கிய காரணம், அன்று தெரிந்த குறை என்று நான்கு வரி போதும். மூன்று மாதம் கழித்து லாபநஷ்டத்தைப் பார்க்கும்போது அந்த நான்கு வரியையும் சேர்த்துப் படிப்போம். காரணம் சரியாயிருந்து நஷ்டம் வந்தால், வாங்கியவரின் தோளில் தட்டிக்கொடுத்து மறுபடியும் அனுப்புவோம். காரணம் தவறாயிருந்து லாபம் வந்தால், அந்த லாபத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வழியை மாற்றுவோம்.

தவறே நடந்துவிட்டால்கூட வழியுண்டு. 1989-ல் போர்ட்லண்ட் அணி போவியையும் ஒரு டிராப்ட் உரிமையையும் நியூ ஜெர்சி அணிக்குக் கொடுத்து, பக் வில்லியம்ஸ் என்ற உழைப்பாளியை மாற்றாகப் பெற்றது. அவர் வந்த பின்தான் 1990-லும் 1992-லும் அவ்வணி இறுதிச் சுற்றுக்குப் போயிற்று. தேங்கிய சரக்கைக் கௌரவத்துக்காகக் கட்டிக்கொண்டு அழாமல் உரிய நேரத்தில் கைமாற்றியதால் வந்த பலன் அது.

ஓடனா, துரான்ட்டா என்று போர்ட்லண்டில் இன்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். 2007 ஜூன் மாதத்தில் அங்கே ஊரே இரண்டுபட்டு நின்றது. முடிவு தெரிந்தபின் சொல்லும் புத்திக்குச் சந்தையில் விலையில்லை. முடிவு தெரியாத அன்று நாம் எப்படி யோசித்தோம் என்பதே வியாபாரியின் உண்மையான கைமுதல். அதை ஒவ்வொரு கொள்முதலிலும் வளர்த்துக்கொள்வோமாக.