காது கேளாமையும் ஜீன்களும்: அடமொரோபே தரும் சான்று

கானா நாட்டின் கிழக்கு மாநிலத்தில் அடமொரோபே என்றொரு சிற்றூர் உளது. பல தலைமுறைகளாக அங்கே பிறவியிலேயே காது கேளாதோர் மிகுதி. அதனால் அவ்வூருக்கே உரிய சைகை மொழி ஒன்று வளர்ந்துள்ளது. காது கேட்போர் பலரும் அதனைப் பேசுவர்.

இதன் காரணத்தை ஆராய்ச்சியாளர் 1998-இல் வெளியிட்டனர். உட்செவியில் அணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்வழிகளை அமைப்பதில் கனெக்ஸின் 26 என்னும் புரதம் பங்கு கொள்கிறது. 226 அமினோ அமிலங்களாலான இப்புரதத்தின் 143-ஆம் இடத்தில், ஆர்ஜினினுக்கு மாறாக டிரிப்டோபான் அமைந்திருக்கக் கண்டனர். ஜீனில் ஓர் எழுத்து பிறழ்ந்ததன் விளைவே இது.

இக்குறை ஒடுங்கு பண்பாக இறங்குவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்ந்த ஜீனைப் பெற்ற குழந்தைக்கே காது கேளாது. ஒன்றை மட்டும் பெற்றவர் நன்கு கேட்பார். ஆயினும் அதனைத் தம் மக்களுக்கு வழங்கக்கூடும். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்குக் காது கேளாதிருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

1975-இல் அவ்வூர்த் தலைவர், காது கேளாதார் தமக்குள் மணம் புரிதலைத் தடுத்தார். இருவருக்கும் இதே பிறழ்ச்சி காரணமாயின் அவர்தம் மக்கள் அனைவருக்கும் காது கேளாது என்பது உண்மையே. ஆயினும் காது கேளாதார் ஒருவர் கேட்பவரை மணந்தாலும், பிறக்கும் மக்கள் யாவரும் அந்த ஜீனைத் தாங்கியே பிறப்பர். ஆகவே தடையினால் எண்ணிக்கை குறையலாம், ஜீன் ஒழியாது. கேட்கும் திறனுடன் அதனைத் தாங்குவோரை அத்தடை தீண்டவுமில்லை. சுமை முழுவதும் காது கேளாதார் மீதே விழுந்தது; நேர்மையான ஏற்பாடு எனக் கூறுவதற்கில்லை.

இதே ஜீன் ஐரோப்பாவில் வேறு வகையில் பிறழ்கிறது: அங்கே பெரும்பாலும் குவானின் ஒன்று விடுபடுகிறது. இந்தியாவில் 24-ஆம் இடத்திலேயே புரதம் முற்றுப்பெறும் வகை மிகுதி. காமரூனிலும் தென்னாப்பிரிக்காவிலுமோ, ஆராயப்பட்ட ஆப்பிரிக்க இனத்தாரிடையே காது கேளாமைக்கு இந்த ஜீன் காரணமாவது மிக அரிது. அங்கே பிற ஜீன்களைத் தேட வேண்டியுள்ளது. ஐரோப்பியருக்கென வகுத்த சோதனையை அவர்களிடம் நடத்திக் ‘குறையில்லை’ என விடை பெறின், பெற்றோரிடம் ‘இது பரம்பரை அன்று’ எனக் கூறிவிடுதல் பெரும் பிழை. மூளையுறைக் காய்ச்சலாலும் கேள்வி கெடுமாதலின், குழந்தை பிறவியிலேயே கேளாதா, நோய்க்குப் பின் கேளாததா, உடன்பிறந்தாருள் வேறெவருக்கேனும் இக்குறை உண்டா, பெற்றோர் உறவினரா என்பனவற்றைக் கள ஊழியர் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.