மனைமரம் களையும் முறை

வீட்டு முற்றத்தில் வளரும் மரம் அவ்வீட்டாருள் ஒருவராகவே கருதப்படும். விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த விதை புன்னையாய் முளைக்க, நெய் கலந்த பால் ஊற்றி அதனை வளர்த்தனர் என்றும், அம்மரத்தை மகளுக்கு உடன்பிறந்தாள் என்றே அன்னை கூறினாள் என்றும் நற்றிணைப் பாட்டு ஒன்று நவிலும். இத்தகைய அன்பு பூண்ட மக்களும் சிற்சில வேளைகளில் மனைமரத்தை அகற்ற நேரிடுகிறது. மரம் நடுவதற்கு அறிவு வேண்டும். அதனை வெட்டுவதற்கு அதனினும் மிக்க அறிவு வேண்டும். நடுவதில் நேர்ந்த பிழையைத் திருத்திக்கொள்ளலாம். வெட்டுவதில் நேர்ந்த பிழையைத் திருத்த இயலாது.

இம்மரத்தை வெட்டத்தான் வேண்டுமா என்பதே முதற்கண் ஆராய்தற்குரியது. சருகு உதிர்கின்றது, பறவைகள் எச்சமிடுகின்றன என்பன மரத்தை வீழ்த்தத் தக்க காரணங்கள் ஆகா. அடிமரத்தில் பொந்து இருத்தல் ஒன்றே வீழ்ச்சிக்கு அறிகுறியும் அன்று. மூங்கில் உள்ளே வெறுமையாயினும் காற்றைத் தாங்கி நிற்றல் காண்க. பொந்தினைச் சூழ நல்ல மரம் போதிய கனத்தோடு இருப்பின், அம்மரம் பல்லாண்டு நிற்கவும் கூடும். ஆனால், நேராக நின்ற மரம் திடீரெனச் சாய்தல், சாய்வுக்கு எதிர்ப்புறத்தே மண் வெடித்து மேலெழுதல், அடிமரத்தைச் சூழக் காளான் பூத்தல், கவட்டில் ஆழ்ந்த பிளவு தோன்றல், கடைகால் தோண்டும்போது பெருவேர்கள் அறுபடுதல் ஆகியன அஞ்சத்தக்க குறிகளாம். இவற்றுள் ஒன்று காணப்படினும் மரமறிந்தார் ஒருவரை அழைத்துக் காட்டுதல் கடன்.

இக்குறிகளை மழைக்காலத்துக்கு முன்னரே காணுதல் நன்று. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. 2018 நவம்பர் 16ஆம் நாள் வந்த கஜா புயல் காவிரிப் படுகையில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. பெரும்புயலுக்கு நல்ல மரமும் வீழும். எனினும், முன்னரே நலிந்த மரம் சிறு காற்றுக்கும் வீழ்ந்து கூரையையும் உயிரையும் குலைக்கும்.

பல வேளைகளில் மரத்தை முழுதும் களைய வேண்டுவதில்லை. ஊறு செய்யும் கிளையை மட்டும் நீக்கின் போதும். அதற்கும் முறை உண்டு. கிளை அடிமரத்தோடு கூடும் இடத்தில் மோதிரம் போன்றதொரு புடைப்பு உண்டு, அப்புடைப்பை வெட்டலாகாது. பெருங்கிளையாயின், முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் கீழ்ப்புறத்தில் கால் பங்கு ஆழம் அறுத்தல் வேண்டும். பின்னர் அதற்குச் சற்று அப்பால் மேற்புறமிருந்து அறுத்துக் கிளையை இறக்குதல் வேண்டும். இறுதியாக, எஞ்சிய கட்டையைப் புடைப்பின் ஓரமாக அறுத்தல் வேண்டும். இவ்வாறன்றி மேலிருந்து ஒரேயடியாக அறுப்பின், கிளை தன் பாரத்தால் முறிந்து அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு வீழும்.

அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ (1930–2006) ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதன் காரணத்தை விளக்கினார். விலங்கின் புண் ஆறுவதுபோல மரத்தின் புண் ஆறுவதில்லை. மரம் புண்ணைச் சூழ அரண் அமைத்து, அழுகல் உள்ளே பரவாது தடுத்து, அதன்மேல் புதுமரம் வளர்க்கிறது. கிளையடிப் புடைப்பு அவ்வரணுக்கு உரிய இடம். அதனை வெட்டினால் காவலை நாமே அழித்தவர் ஆவோம். வெட்டுவாயில் தார் பூசுவதாலும் அழுகல் நிற்பதில்லை என்பது ஆராய்ச்சியின் முடிபு.

மரத்தை வீழ்த்தியே ஆகவேண்டும் எனத் துணிந்தபின், அதனை அத்தொழில் வல்லாரிடமே ஒப்படைத்தல் வேண்டும். திறந்த வெளியில் அவர்கள் செய்யும் முறை இது: மரம் சாய வேண்டிய பக்கத்தில், அடிமரக் குறுக்களவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை ஆப்பு வடிவாக வாய் வெட்டுவர். பின்பு எதிர்ப்புறத்தில் அதற்குச் சற்று மேலாக அறுப்பர். இரு வெட்டுக்கும் இடையே பத்தில் ஒரு பங்கு மரத்தை அறாது விடுவர். அது கதவின் கீல் போல நின்று மரத்தைக் குறித்த திசையில் சாய்க்கும். அதனையும் அறுத்துவிட்டால் மரம் எப்பக்கமும் விழும். மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவுக்குள் பிறர் எவரும் நிற்றல் ஆகாது.

வீட்டு மனையில் அத்துணை இடம் இராது. ஆதலின் நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துண்டையும் வடத்தால் கட்டிக் கப்பியின் வழியாக இறக்குவர். உள்ளே உளுத்த மரத்தின்மீது ஏறுதல் தகாது. ஏணியின்மேல் நின்று இயந்திர இரம்பத்தை இயக்குதல் உயிருக்கு உலை வைப்பதாகும். மின்கம்பி அருகில் இருப்பின் மின்வாரியத்தார் மின்னோட்டத்தை நிறுத்தும்வரை மரத்தைத் தீண்டலாகாது. பச்சைக் கிளையும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். இரும்புத் துறட்டியோ கையில் பிடித்த கூற்றமே ஆகும்.

தன் நிலத்து மரமே ஆயினும் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் சந்தன மரத்தை வனத்துறையின் இசைவின்றி வெட்டலாகாது. மலைப்பகுதி மரங்களுக்கென 1955ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உள்ளது. கிளைகளில் முட்டையோ குஞ்சோ உள்ள கூடு இருப்பின், அவை பறந்து செல்லும்வரை பொறுத்தல் அறம்.

வீழ்ந்த மரத்தைக் கொளுத்துதல் வீண். வேம்பின் மரம் கதவும் நிலையும் ஆகும். பலாமரம் வீணையும் மத்தளமும் ஆகும். தழை வயலுக்கு உரமாகும். தென்னையின் செய்தி வேறு. அதன் துண்டுகளை மனையில் மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு அவற்றில் முட்டையிட்டுப் பெருகி, அண்டைத் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். தஞ்சை வாடல் நோயால் பட்ட தென்னையை அடிக்கட்டையோடும் வேரோடும் அகழ்ந்து அழித்தல் வேண்டும். இன்றேல் மண்ணின் வழியே நோய் பரவும்.

முள்மரத்தை இளமையிலேயே களைக என வள்ளுவர் உவமை கூறினார். சுவர் வெடிப்பிலும் கிணற்று ஓரத்திலும் பறவை எச்சத்தால் முளைக்கும் அரசையும் ஆலையும் கன்றாக இருக்கும்போதே பெயர்த்து, வேறிடத்தில் நட்டுவிடின், பின்னாளில் கோடரிக்கு வேலை இராது. இனி நடும் மரத்தையும் மின்கம்பிக்கும் சுவருக்கும் விலக்கி நடுதல் வேண்டும். வெட்டிய மரம் தந்த நிழலைத் திருப்பித் தரப் புதுக்கன்றுக்குப் பல்லாண்டுகள் ஆகும். ஆதலின் கோடரி எடுக்கும் நாளுக்கு முன்னரே கன்றினை நட்டு நீர் வார்ப்பவரே மரத்தின் அருமை அறிந்தவர் ஆவர்.