வித்த டிக்கெட்டும் கிழிச்ச டிக்கெட்டும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, மற்றவர்களைப் போல 'சுற்றுச்சூழலும் நாமும்' என்று நானும் எழுதியிருக்கலாம். ஆனால் நாலு மாசமாக என் மண்டையில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இயந்திரவியல் படிக்கிறவனுக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள். இதற்குக் காரணம் எங்கப்பா.

எங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா அஞ்சாவது வரை. எங்கள் ஊர் தியேட்டரில் கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிறார், இருபத்திரண்டு வருஷமாக. ஒரு ராத்திரி கடைசி ஷோ முடிந்து அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, நான் போனில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்டம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேடியம் நிறைய மஞ்சளும் நீலமுமாக ஜனம். "அப்பா, ஒரு லட்சம் பேருக்கு மேல. ஆடுறது எல்லாம் காலேஜ் பசங்க" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ஒரு லட்சம்ங்கிறது வித்ததா, கிழிச்சதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். அவர்கள் 'கால்பந்து' என்பது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், மோதுவார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். 15 நிமிடம் வீதம் நாலு பகுதி. கணக்குப்படி ஒரு மணி நேரம்தான். ஆனால் நிறுத்தி நிறுத்தி ஆடுவதாலும் டி.வி. விளம்பரத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேலே இழுக்கும். ஆகஸ்டு கடைசியில் தொடங்கி நவம்பர் வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில் ஆட்டம். ஒரு அணிக்குச் சொந்த மைதானத்தில் வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு ஆட்டம் கிடைக்கும். ஆக, இத்தனை பெரிய ஸ்டேடியம் கட்டிவிட்டு வருஷத்தில் ஏழெட்டு நாள்தான் கல்லாப்பெட்டியைத் திறக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் கல்லூரி ஸ்டேடியம் அங்கே ஒன்றல்ல, ஏழெட்டு இருக்கிறது. பெரியது மிச்சிகனுடையது, 1,07,601 இருக்கை. அது இருக்கும் ஆன் ஆர்பர் ஊரின் மொத்த ஜனத்தொகையே சுமார் 1,24,000 தான்! 1927-ல் கட்டினார்கள். அதற்குப் பணம் திரட்டிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. 500 டாலர் வீதம் 3,000 கடன் பத்திரங்களை ஜனங்களிடம் விற்றார்கள். பத்திரம் வாங்கியவருக்கு நடு மைதானத்துக்கு நேராக உள்ள நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமை. கவனியுங்கள், டிக்கெட் அல்ல. டிக்கெட் வாங்கும் உரிமை. இந்த வழக்கம் இன்றைக்கும் வேறு உருவத்தில் இருக்கிறது. நல்ல இருக்கைக்கு சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் முதலில் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுக்க வேண்டும், அதற்கு மேல் டிக்கெட் விலை தனி. அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வருமான வரிச் சலுகையும் இருந்தது. 2017-ல் கொண்டுவந்த வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம்.

ஆட்டம் முடிந்ததும் கல்லூரி ஒரு எண்ணிக்கை அறிவிக்கும். அநேக இடங்களில் அது விற்ற டிக்கெட், சும்மா கொடுத்த டிக்கெட் எல்லாம் சேர்ந்த கணக்கு. வாசலில் கருவி வைத்துப் பார்த்த டிக்கெட் கணக்கு தனி. நம் பாஷையில் சொன்னால் அதுதான் 'கிழிச்சது'. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து 2018-ல் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை ஒரு செய்தி போட்டது. 2017 சீசனில் பல கல்லூரிகளின் வாசல் கணக்கை வாங்கிப் பார்த்தால், அறிவித்த எண்ணிக்கையில் சராசரி 71 சதவீதம்தான் வந்திருக்கிறது. நூறு பேர் என்று சொன்ன இடத்தில் 29 பேர் இல்லை!

இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். பெரிய நடிகர் படம் வந்தால் முதல் நாள் ரசிகர் மன்றத்தார் கட்டுக்கட்டாக டிக்கெட் வாங்கிவிடுவார்களாம். ஹவுஸ்ஃபுல் போர்டும் மாட்டுவார்கள். உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் வரிசை வரிசையாகக் காலி. "வசூல் வந்திருச்சுன்னு முதலாளி சும்மா இருப்பார்டா. கேன்டீன்காரர் மூஞ்சியும் வண்டி ஸ்டாண்டுக்காரர் மூஞ்சியும் பாரு, உண்மை தெரியும்" என்றார். பொருளாதார வகுப்பில் ஒரு பீரியட் சொல்லவேண்டியதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். வராத ஆள் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்திருந்தாலும் தண்ணீர் பாட்டில் வாங்கமாட்டான், வண்டி நிறுத்தமாட்டான். அதைவிட முக்கியம், அடுத்த வருஷம் டிக்கெட்டே வாங்கமாட்டான்.

சரி, எண்ணிக்கையை ஏன் ஊதிக் காட்ட வேண்டும்? கௌரவம் ஒரு காரணம். விதி இன்னொரு காரணம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, மேல்மட்டப் பிரிவில் இருக்கவேண்டுமானால் இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது சொந்த மைதானத்தில் சராசரி 15,000 பேர் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தது. வந்த ஆள் கணக்கோ, விற்ற டிக்கெட் கணக்கோ, எதைக் காட்டினாலும் சரி. விடுவார்களா? ஒரு பல்கலைக்கழகம் குளிர்பானக் கம்பெனி ஒப்பந்தத்தில் வந்த பணத்தை வைத்துத் தன் டிக்கெட்டைத் தானே மலிவாக வாங்கிக் கணக்குக் காட்டியது. கடைசியில் 2023-ல் அந்த விதியையே நீக்கிவிட்டார்கள்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கதை வேறு மாதிரி. லிங்கன் நகரில் உள்ள அதன் ஸ்டேடியத்தில் 1962 நவம்பர் 3-ந் தேதி தொடங்கி ஒரு ஆட்டம் விடாமல் டிக்கெட் முழுதும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. 400 ஆட்டத்தைத் தாண்டிவிட்டது. ஆட்டம் நடக்கும் நாளில் அந்த ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய 'ஊர்' என்பார்கள். ஆனால் அணி தோற்கத் தொடங்கியதும் டிக்கெட் தேங்கியது. 2020-ல் கொரோனாவால் பொதுமக்களே இல்லாமல் ஆடினார்கள், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. (அந்த வருஷம் எங்கள் தியேட்டரும் மார்ச் முதல் நவம்பர் வரை பூட்டிக்கிடந்தது. அப்பா செங்கல் சூளைக்குப் போனார்.) 2021-ல் மறுபடி கேட்டைத் திறந்தபோது விற்காத டிக்கெட் நிறைய. நன்கொடையாளர்கள் சேர்ந்து அதை வாங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். சாதனையும் காப்பாற்றப்பட்டது. இதைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. காலியாகக் கிடக்கவேண்டிய இருக்கையில் ஒரு ஏழைப் பையன் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தான் என்றால் அது எப்படிப் பொய்க் கணக்கு ஆகும்?

ஜனம் ஏன் குறைகிறது என்றால் டி.வி. என்று டக்கென்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பயம் அவர்களுக்கு 1951-லேயே வந்துவிட்டது. வீட்டில் பார்க்க முடிந்தால் எவன் மைதானத்துக்கு வருவான் என்று, எந்த ஆட்டத்தை ஒளிபரப்பலாம், எத்தனை தடவை காட்டலாம் என்று என்.சி.ஏ.ஏ. அளவு வைத்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது. அதற்குப் பிறகு ஒளிபரப்பு பெருகியது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஜனம் உடனே குறைந்துவிடவில்லை. மேல்மட்டப் பிரிவின் சராசரி 2008-ல் ஏறக்குறைய 47,000 வரை ஏறியது. அதன் பிறகுதான் சரிவு. 2018-ல் 42,000-க்கும் கீழே. ஆகவே டி.வி. மட்டும் காரணம் இல்லை. டிக்கெட் விலை, நீண்டுகொண்டே போகும் நேரம், ஒருதலைப்பட்சமான ஆட்டம் எல்லாம் இருக்கிறது.

அலபாமாவைப் பாருங்கள். ஜெயித்துக்கொண்டே இருந்த அணி. பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடுவதால் மாணவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பயிற்சியாளர் நிக் சேபன் 2018-ல் இதை வெளிப்படையாகவே குறை சொன்னார். 2019-ல் போன் செயலி ஒன்று கொண்டுவந்தார்கள். வந்தால் 100 புள்ளி, நாலாவது பகுதி வரை இருந்தால் இன்னும் 250 புள்ளி. புள்ளி அதிகம் உள்ளவனுக்குப் பெரிய போட்டிகளுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. பையன் இருக்கிறானா என்று போனே காட்டிக்கொடுக்கும். நமக்கு 75 சதவீத வருகைப் பதிவு மாதிரி! ஆட்டம் பார்க்கக்கூட அட்டெண்டன்ஸா என்று நண்பன் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான்.

எனக்கு மிகவும் பாடமாக இருந்தது மிச்சிகன் மாணவர்களின் கதைதான். சங்க மலரில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அங்கே மாணவர் பகுதியில் மேல் வகுப்புக்காரருக்கு நல்ல இருக்கை என்பது பழைய முறை. மாணவர்கள் தாமதமாக வருகிறார்கள், பகுதி காலியாகத் தெரிகிறது என்று 2013-ல் நிர்வாகம் அதை எடுத்துவிட்டு, முதலில் வருகிறவனுக்கு முதல் இடம் என்றது. விலையையும் ஏற்றியது. நாலு வருஷம் படித்தவன் முதல் வருஷக்காரனுக்குப் பின்னால் நிற்பதா என்று கொதிப்பு. மாணவர் பேரவை கருத்துக் கேட்டு, தீர்மானம் போட்டு, நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசியது. 2014-க்கு முறை மாறியது. ஆனால் விலை இறங்கவில்லை. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 40 டாலர். அணியும் சரியாக ஆடவில்லை. விளைவு, ஒரே வருஷத்தில் மாணவர் சீசன் டிக்கெட் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. அந்த செப்டம்பரில் இரண்டு கோக் வாங்கினால் இரண்டு டிக்கெட் இலவசம் என்று ஒரு சலுகை வந்து, ஊர் சிரித்ததும் அதை வாபஸ் வாங்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதே மாதம் 27-ந் தேதி ஆட்டத்தில், அடிபட்டுத் தள்ளாடிய ஆட்டக்காரரை மறுபடியும் மைதானத்தில் இறக்கியதும் மாணவர்கள் வளாகத்தில் திரண்டார்கள். மனுக் கொடுத்தார்கள். அக்டோபர் 31-ல் விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் ராஜினாமா செய்தார். அவருக்குப் பின் வந்தவர் 2015-க்கு மாணவர் டிக்கெட்டை 7 ஆட்டத்துக்கு 175 டாலர் ஆக்கினார். ஒரு ஆட்டத்துக்கு 25.

இதில் ஒன்று கவனித்தேன். இத்தனை நடந்தும், வீட்டு ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் என்று 1975 நவம்பரிலிருந்து வரும் மிச்சிகனின் அறிவிப்பு அந்த வருஷமும் அறுபடவில்லை. மொத்த எண்ணை மட்டும் பார்த்தவனுக்கு மாணவர்கள் போனது தெரிந்திருக்காது. ஆனால் பாட்டுப் பாடி, ஆட்டம் முழுக்க நின்று கத்தி, எதிரணியைக் கலங்க வைப்பது அந்தப் பகுதிதான். நன்கொடை கொடுத்தவர் உட்கார்ந்து பார்ப்பார். அவர் கொடுக்கிற காசில் அந்தச் சத்தத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இது என் அபிப்பிராயம்.

டிக்கெட் வாங்காத மாணவனும் தப்ப முடியாது என்பது வேறு கதை. பல சின்னப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணத்தோடு விளையாட்டுக் கட்டணமும் சேர்ந்தே வரும். சனிக்கிழமை ஹோட்டலில் தட்டு கழுவப் போகிற பிள்ளையும் அந்தக் கால்பந்துக்குக் காசு கட்டுகிறது. இப்போது ஆட்டக்காரர்களுக்கும் பணம் தர வேண்டிய காலம். (தருவது நியாயம்தான்.) டென்னசி பல்கலைக்கழகம் 2025 டிக்கெட்டில் 10 சதவீதம் 'திறமைக் கட்டணம்' என்றே சேர்த்தது. இதெல்லாம் கடைசியில் யார் தலையில் விழும் என்று நாம் யோசிக்கத் தெரிந்தவர்கள்.

இனி நம் விஷயம். போன வருஷக் கல்லூரி விழாவுக்கு அப்பா வந்தார். மாட்னி ஷோவுக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெற்றோருக்கு இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லி, அவரும் இன்னும் பலரும் பின்னால் சைக்கிள் ஷெட் ஓரம் நின்றே பார்த்தார்கள். நான் வரைபடப் போட்டியில் பரிசு வாங்கியதையும் அங்கிருந்துதான் பார்த்தார். ராத்திரி பஸ்ஸில் வரும்போது வருத்தமாக எதுவும் சொல்லவில்லை. "முன்னாடி பாஸ் வரிசையில நாப்பத்தேழு சேர் காலிடா" என்றார். எண்ணியிருக்கிறார். பழக்கதோஷம்.

அத்தனை பாஸும் கொடுத்தாகிவிட்டது என்பது நம் கணக்கு. வாசலில் யாரும் கிழிக்கவில்லை, எண்ணவும் இல்லை.

சங்கத்து நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் விழாவுக்குப் பாஸில் நடுவில் ஒரு துளைக்கோடு போட்டு அச்சடியுங்கள், அச்சகத்தில் கேட்டால் செய்து தருவார்கள். வாசலில் இரண்டு பேர் நின்று பாதியைக் கிழித்து வைத்துக்கொள்ளட்டும். விழா தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து அந்தப் பாதிகளை எண்ணி, எத்தனை சேர் காலியோ அத்தனை பெற்றோரைப் பின்னாலிருந்து முன்னால் கூப்பிடுங்கள். கிழிக்க ஆள் இல்லையென்றால் நான் நிற்கிறேன். எப்படிக் கிழித்தால் கோடு கோணாமல் வரும் என்று அப்பாவிடம் கற்றுக்கொண்டு வருகிறேன்.