சூடெல்லாம் எங்கே போகிறது?

சென்ற மாதம் தமிழ் வகுப்பு முடிந்து பிரசாதத்திற்குக் காத்திருந்த வேளையில் ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "மாமா, பனிக்கட்டியைச் சூடாக்கினால் வெப்பமானி ஏன் கொஞ்ச நேரம் ஏறாமலே நிக்குது? அந்தச் சூடெல்லாம் எங்க போகுது?" அருகில் நின்ற தாயார், "நாங்களும் படிச்சதுதான். தமிழில படிச்சதை இவளுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்றார். பாடம் ஒன்றே, மொழிதான் வேறு. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிப்பதற்காக இதனை எழுதுகிறேன்.

துணிக்கைகளின் நிலை

சடப்பொருள்கள் யாவும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துணிக்கைகளால் ஆனவை. அவை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. எமது ஆலயத்தையே உதாரணமாகக் கொள்வோம். பூசையின்போது வரிசையாக நெருங்கி அமர்ந்திருக்கிறோம். இடம் மாறுவதில்லை, சற்றே அசைகிறோம். இது திண்மம். சுவாமி உள்வீதி வலம் வரும்போது நெருக்கமாகவே ஒருவரையொருவர் கடந்து நகர்கிறோம். இது திரவம். எல்லாம் முடிந்ததும் பிள்ளைகள் வாகனத் தரிப்பிடத்தில் நாலா திசையும் ஓடுகிறார்கள். இது வாயு.

மூன்று நிலைகளிலும் ஆட்கள் அதே ஆட்கள்தாம். அவ்வாறே பனிக்கட்டியிலும் நீரிலும் நீராவியிலும் இருப்பவை ஒரே நீர்த் துணிக்கைகள். சூடாக்கும்போது துணிக்கை பருப்பதுமில்லை, உருகுவதுமில்லை. அதன் வேகமும் அயல் துணிக்கைகளுடனான பிணைப்புமே மாறுகின்றன. மாணவர் பலர் பரீட்சையில் தவறுவது இவ்விடத்திலேயே.

வெப்பக் கணக்கு

நான் ஒரு கணக்காளன். ஆகவே கணக்காகவே எழுதுகிறேன். 1 கிறாம் பனிக்கட்டிக்கு ஆகும் செலவு ஏறத்தாழ இது:

0 பாகை செல்சியஸில் உருகி நீராக – 80 கலோரி
0 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக – 100 கலோரி
100 பாகையில் நீர் முழுவதும் ஆவியாக – 540 கலோரி
மொத்தம் – 720 கலோரி

முதலாவது, மூன்றாவது செலவுகளின்போது வெப்பமானி அசைவதில்லை. கொடுக்கும் வெப்பம் முழுவதும் துணிக்கைகளுக்கிடையிலான பிணைப்பைத் தளர்த்தவே செலவாகிறது. அவற்றின் வேகம் கூடுவதில்லை. வெப்பநிலை என்பது வேகத்தின் அளவு. வேகம் கூடாவிடில் வெப்பமானியும் ஏறாது. இதனை 1760களில் ஸ்கொட்லாந்தில் ஆராய்ந்து விளக்கியவர் ஜோசப் பிளாக். இவ்வாறு மறைந்திருக்கும் வெப்பத்தை மறை வெப்பம் என்கிறோம். சிறுமியின் கேள்விக்கு விடை இதுவே.

பிட்டுப் பானையும் எங்கள் கைகளும்

மறைந்த வெப்பம் தொலைந்து போவதில்லை. நீராவி மீண்டும் நீராக ஒடுங்கும்போது அந்த 540 கலோரியையும் அப்படியே திருப்பித் தந்துவிடும். கொதிநீர் 1 கிறாம் கையில் பட்டு, உடல் வெப்பநிலையான 37 பாகைக்குக் குளிரும்போது 63 கலோரியை விடுகிறது. அதே அளவு நீராவி பட்டாலோ 603 கலோரி. அதாவது ஒன்பதரை மடங்கு! பிட்டு, இடியப்பம் அவிக்கும் பானையைத் திறக்கும்போது ஏற்படும் காயம் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேத்தல் மூக்கினருகே சிறிது இடைவெளியில் ஒன்றுமே தெரியாது. அதற்கு அப்பால்தான் வெண்புகை தோன்றும். வெண்மையாகத் தெரிவது ஏற்கெனவே ஒடுங்கிய சிறு நீர்த்துளிகள். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியிலேயே உள்ளது. பிள்ளைகளின் கைகள் அங்கே போகக்கூடாது.

திருவிழாக் காலங்களில் மடைப்பள்ளியில் உதவும் அன்பர்கள் பானை மூடியைத் தமக்கு எதிர்ப்புறமாகச் சரித்துத் திறக்கவும். காயம் பட்டால் உடனே குழாயின் குளிர்ந்த நீரோட்டத்தில் 20 நிமிடம் பிடிக்கவும். நெய், பற்பசை, பனிக்கட்டி எதனையும் வைக்க வேண்டாம். காயம் பெரிதாயின், அல்லது முகத்திலோ கையிலோ பட்டிருந்தால், தாமதியாது வைத்திய உதவி பெறவும்.

மாணவர்க்குச் சில கேள்விகள்

1. மாரிகாலத்தில் வெளியிலிருந்து ஆலயத்தினுள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவது ஏன்?
2. திறந்து வைத்த கற்பூரம் உருகாமலே நாளடைவில் சிறுத்துப் போகிறது. இதன் பெயர் என்ன? கற்பூரம் எரிவதும் இதுவும் ஒன்றா?
3. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழ் உறையும். உறைந்த எண்ணெய் திரவ எண்ணெயில் அமிழும். பனிக்கட்டியோ நீரில் மிதக்கும். நீர் உறையும்போது அதன் கனவளவுக்கு என்ன நேர்கிறது?

முதல் இரண்டுக்கும் விடை: ஒடுங்கல், பதங்கமாதல். கற்பூரம் எரிவது இரசாயன மாற்றம். பதங்கமாதல் நிலை மாற்றம் மட்டுமே. மூன்றாவதை இன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். அவர்களுக்கு மறந்திருக்காது.