ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரும் நம் உடலும்

கடலூரிலிருந்தும் சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பகுதிகளிலிருந்தும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் ஐம்பது வயதை ஒட்டிய பெண்கள் கூறும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரவில் திடீரென உடல் கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது, உறக்கம் கலைகிறது, படபடப்பு உண்டாகிறது, காரணமின்றிச் சினம் வருகிறது. இதய நோயென அஞ்சிச் சிலர் வருகின்றனர். தைராய்டு என எண்ணிச் சிலர் வருகின்றனர். வயதானால் இப்படித்தான் என்று வராமலே இருந்துவிடுவோர் இவர்களினும் பலர். இத்தொல்லைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரின் குறைவேயாகும். அதனை நோயாளர்களும் குடும்பத்தாரும் அறிந்துகொள்வது நலம்.

ஈஸ்ட்ரோஜன் என்பது யாது?

ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரே பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். ஈஸ்ட்ரடயால், ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரியால் ஆகிய மூன்றும் இதில் முதன்மையானவை. மாதவிடாய்க் காலம் முழுவதும் சினைப்பையில் சுரப்பது ஈஸ்ட்ரடயால். கருவுற்ற காலத்தில் நஞ்சுக்கொடி மிகுதியாகத் தருவது ஈஸ்ட்ரியால். மாதவிடாய் நின்ற பின் உடலின் கொழுப்புத் திசுக்களில் உருவாவது ஈஸ்ட்ரோன். நாம் அஞ்சும் கொலஸ்ட்ராலே இவை அனைத்திற்கும் மூலப்பொருள்.

1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் டோய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனன்ட்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது கருவுற்ற பெண்களின் சிறுநீர். இரத்தத்தில் இதன் அளவு மிகச் சிறிது. ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காகப் பகுத்தால் கிடைக்கும் பிக்கோகிராம் என்னும் அளவையாலேயே ஆய்வகத்தில் இது கணக்கிடப்படுகிறது. இத்துணைச் சிறிய அளவு உடல் முழுவதையும் ஆள்வதற்குக் காரணம், பல உறுப்புகளின் செல்களில் இதற்கென அமைந்துள்ள ஏற்பிகளே. பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல ஈஸ்ட்ரோஜன் அவற்றில் பொருந்தும்போது அச்செல்லின் பணி தொடங்குகிறது.

எங்கெங்கு என்ன பணி?

பருவமெய்தும் சிறுமியின் மார்பக வளர்ச்சியும், மாதந்தோறும் கருப்பையின் உட்படலம் வளர்வதும் இதனால் நிகழ்பவை. இவற்றோடு இதன் பணி முடிந்துவிடுவதில்லை. எலும்பில் பழையதை அரித்தெடுக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து கல்லீரல் அகற்றுவதற்கு இது துணைசெய்கிறது. இரத்தக் குழாய்களை நெகிழ்வாக வைக்கிறது. மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக்கும் பகுதியும், பிறப்புறுப்பு மற்றும் சிறுநீர்ப் பாதையின் ஈரத்தன்மையும் இதனையே சார்ந்துள்ளன.

ஆண்களின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினர். பிறவியிலேயே அவருடைய ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பழுதுபட்டிருந்தது. 204 சென்டிமீட்டர் உயரம் இருந்தும் அவருடைய எலும்பு முனைகள் மூடவில்லை, எலும்புகளோ மெலிந்திருந்தன. ஆணின் எலும்பு முதிர்வதற்கும் ஈஸ்ட்ரோஜன் இன்றியமையாதது என்பதை அந்த ஒருவர் மருத்துவ உலகுக்கு உணர்த்தினார்.

குறையும்போது

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராவிடில் அது நின்றுவிட்டதாகக் கொள்கிறோம். மேலைநாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது; இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நிகழ்கிறது. அதாவது, எலும்புக்கும் இரத்தக் குழாய்க்கும் கிடைக்கும் காவல் நம் பெண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே நீங்குகிறது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி விரைந்து குறையும். வலி எதுவும் தோன்றாது. குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியவுடன் மணிக்கட்டு முறியும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

கருப்பையோடு சினைப்பைகளையும் இளவயதில் அகற்றிக்கொண்டோர்க்கு இக்குறைவு ஒரே நாளில் வந்துவிடுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன், சினைப்பைகளை விட்டுவைக்க இயலுமா என்று மருத்துவரைக் கேட்பது உங்கள் உரிமை. முன்பே அகற்றியிருந்தால் அச்சிகிச்சைக் குறிப்பைப் பத்திரப்படுத்தி, வரும்போது கொண்டுவாருங்கள்.

மிகும்போது

சினைப்பையிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றோர் இயக்குநீரும் சுரக்கிறது. கருப்பையின் உட்படலம் அளவுமீறி வளராமல் காப்பது அதுவே. அத்துணையின்றி ஈஸ்ட்ரோஜன் மட்டும் நீண்ட காலம் செயல்பட்டால் உட்படலம் தடித்து, சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறக்கூடும். உடற்பருமன் மிக்கவர்களுக்கும் சினைப்பை நீர்க்கட்டி உடையவர்களுக்கும் இவ்வாய்ப்பு கூடுதல்.

ஆகவே ஒன்றை அழுத்தமாகக் கூறுகிறோம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். பெரும்பாலோர்க்கு அது புற்றுநோயாக இராது. எனினும், மகளிடமும் மருமகளிடமும் சொல்லக் கூசி மாதக்கணக்கில் மறைத்துவைத்த தாய்மார்களை நாங்கள் கண்டிருக்கிறோம். தொடக்கத்திலேயே வந்திருந்தால் அறுவைச் சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடிய நோய், அந்த மாதங்களில் பரவிவிடுகிறது.

மருந்துகள் பற்றி

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை ஓரிடத்தில் தடுத்தும் மற்றோரிடத்தில் தூண்டியும் செயல்படும் மருந்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே, லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆர்மிலாக்சிஃபென். 1991இல் சஹேலி என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இக்கருத்தடை மாத்திரை, 2016 முதல் சாயா என்ற பெயரில் அரசின் குடும்பநலத் திட்டத்தில் வழங்கப்படுகிறது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உட்கொள்ள வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபெனும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும் கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்படும். ஆதலால் அதனை உட்கொள்வோர் இரத்தப்போக்கைக் கண்டால் தாமதிக்கலாகாது.

மாதவிடாய் நின்றோர்க்கான ஹார்மோன் சிகிச்சை குறித்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு பெரும் அச்சத்தை விளைவித்தது. பின்னர் வந்த மறுஆய்வுகள், அறுபது வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் உள்ளவர்களில், கடும் தொல்லை உடையோர்க்கு நன்மையே பெரும்பாலும் மிகுதி எனக் காட்டின. கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் சேர்த்தே தரப்படும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, கடும் கல்லீரல் நோய், காரணம் அறியப்படாத இரத்தப்போக்கு ஆகியவை உடையோர்க்கு இச்சிகிச்சை ஆகாது.

ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் நெருங்கும்போது, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமே வாங்கி உண்போர் நம் பகுதியில் உளர். பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் என்னும் இம்மருந்தின் சிறு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. முன்பு இரத்தக்கட்டு ஏற்பட்டவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இது கேடு தரலாம். மருத்துவரைக் கேட்டபின் உண்ணுங்கள். மாத்திரை உண்ணும் நாள்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ அவசரப் பிரிவுக்கு விரையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பால் ஆகியவற்றிலும் முள்ளோடு உண்ணும் நெத்திலியிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு நாள்தோறும் சிறிது நேரம் வெயில் உடலில் படவேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் வலு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர் வீடு தேடி வரும்போது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாது பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறைத் தரையை உலர வைத்து, சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இரவெல்லாம் வியர்த்து உறங்காத ஒருவர் காலையில் சினந்து பேசினால் அது குணக்கேடு அன்று. உடலில் நிகழும் மாற்றத்தின் விளைவு. நாற்பத்தைந்து வயதைக் கடந்த உங்கள் தாயிடமோ மனைவியிடமோ தமக்கையிடமோ, உடம்பு எப்படி இருக்கிறது என்று இன்று கேளுங்கள். அவர் தயங்கிச் சொல்லும் விடையைப் பொறுமையுடன் கேட்டு, தேவையாயின் உடன் அழைத்து வாருங்கள்.