பிரஷர் என்னுஞ் சொல்

“அவருக்குப் பிரஷர் இருக்கிறது” என்பது நாம் நாடோறுங் கேட்கும் வழக்கு. ஆயின் இரத்தவழுத்தம் உயிருள்ளார் யாவர்க்கும் உண்டு. அஃதின்றேல் குருதி உடலெங்கும் பரவாது. 120/80 என மருத்துவர் குறிக்கும் எண்களுள் முன்னது இருதயஞ் சுருங்குங்கால் உள்ள அழுத்தம். பின்னது அது தளர்ந்து விரியுங்கால் உள்ளது. இவ்வளவு மிகுந்து நிலைப்பதே நோய். அதன் பெயர் உயர் இரத்தவழுத்தம்.

சொற்பிழையால் விளையுங் கேடு சிறிதன்று. மருந்தால் அளவு தணிந்ததும், “பிரஷர் இல்லை” எனக் கருதி மாத்திரையை நிறுத்துவாருளர். நோய் நீங்கிலது, மருந்தே அதனை அடக்கி நிற்கின்றது. எம் பாட்டியார் அவ்வாறு நிறுத்திச் சில திங்களிற் பக்கவாதமுற்றார். அவர்க்கு இதனை விளக்க எம் வீட்டில் ஒருவரும் அன்று அறிந்திலேம்.

நண்பர்காள்! விடுமுறைக்கு இல்லம் ஏகுங்கால், இவ்வொரு சொல்லையேனும் மூத்தோர்க்குத் தெளிவிப்போமாக.