ஆறு போல ஓடும் கடல்

கேள்வி: கனடாவில் ஸ்கூபா பழகும் என் மகன், "ஓட்டம் நிற்கும் நேரம் பார்த்துத்தான் குதிப்போம்" என்கிறான். கடல் நிற்குமா?

பதில்: நிற்கும், கொஞ்ச நேரம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் நக்வாக்டோ நீரிணையைப் பாருங்கள். உள்ளே நீண்டு கிடக்கும் பெரிய உப்பங்கழிகள். வாய் மட்டும் குறுகல். ஓதம் ஏறி இறங்கும்போது அத்தனை தண்ணீரும் அந்த இடுக்கில் முண்டியடிக்கும். வேகம் 14 நாட் (knot) வரை போகும், அதாவது மணிக்கு சுமார் 26 கி.மீ. நடுவிலுள்ள பாறைத்தீவே அதிரும் என்பார்கள். அதற்கு 'நடுங்கும் தீவு' என்றே செல்லப்பெயர்.

ஓட்டம் திசை மாறும் சில நிமிடங்கள்தான் முக்குளிப்பவர்களுக்கு. நீர்மட்டம் உச்சிக்கு வரும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றல்ல. ஓத அட்டவணையை நம்பி இறங்கினால் வம்பு. நீரோட்ட அட்டவணை தனியாக உண்டு.

குளிருக்கு, தண்ணீர் புகாத ட்ரை சூட். விறைத்த விரலால் வால்வைத் திருப்பப் பழகுவதுதான் பெரும்பாடு. இவ்வளவு பாடும் எதற்கு? ஓட்டம் ஓயாமல் இரை கொண்டுவருவதால் பாறையில் இடமே இல்லாமல் உயிர்கள். அங்கே பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகளுக்கு (barnacles) உதடு ரத்தச் சிவப்பு, லிப்ஸ்டிக் பூசியது போல!

அவன் நீருக்குள் இருக்கும்போது மேலே படகில் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் மகனிடம் கேளுங்கள். கரையிலிருந்து தனியாக இறங்குகிறான் என்றால் திட்டுங்கள்.